கூழைக்கடாவின் மேல் நாற்பத்தொரு வள்ளம்

கன்னியாகுமரிப் பக்கத்துக் கோவளத்துக்கும் மணக்குடிக்கும் நடுவில் கிடக்கிற சவேரியார்துறையில் மொத்தம் நாற்பத்தொரு பைபர் வள்ளங்கள். அத்தனைக்கும் பட்டை போட்டவன் ஒரே ஆள், டெல்வின். பட்டை என்றால் வள்ளத்தின் விலாவில் முன்னிருந்து பின்வரை ஓடுகிற வண்ணக் கோடுகள். கரையில் நிற்பவர்கள் வள்ளத்தின் பெயரை வாசித்து அடையாளம் காண்பதில்லை. பெயர் தெரிகிற தூரத்துக்கு வருவதற்குள் பட்டை தெரிந்துவிடும்.

மீன்பிடிக்காரன் மகனான டெல்வினுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மூன்றாவது அலையைத் தாண்டினால் வாந்தி. பதினாறு வயதில் நான்கு முறை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, ஐந்தாவது முறை அப்பா அவனைக் கரையிலேயே விட்டுவிட்டார். அவன் ஞானதாசனின் வள்ளம் கட்டும் பட்டறையில் சேர்ந்து, உப்புத்தாள் வைத்து பைபரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வேலை வந்தது 2005-இல். சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த வள்ளங்கள் எல்லாம் ஒரே அச்சு, ஒரே வெள்ளை. போகும்போது ஒன்றும் தெரியவில்லை, திரும்பி வரும்போதுதான் கூத்து. பெண்கள் தங்கள் வள்ளம் என்று நம்பி இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய், வேறொருத்தியின் புருஷனிடம் கட்டன்சாயாத் தூக்கை நீட்டினார்கள். ஒருவர் ஒரு வாரம் முழுக்க அடுத்தவர் வள்ளத்தில் போய்வந்து, அதற்குக் கல்யாணப் பெண்ணைப்போல மாலையும் போட்டுவிட்டார். அப்போது இருபத்தொரு வயதான டெல்வின், பட்டறையில் மிச்சமிருந்த பெயின்டை எடுத்து ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு பட்டை போட்டான். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக் கூடாது. நிறம் ஒன்றாக இருந்தால் வரிசையை மாற்று, வரிசையும் ஒன்றானால் அகலத்தை மாற்று. நாலு விரல், இரண்டு விரல், ஒரு விரல் என்று அகலத்தைக்கூட ஒரு நோட்டில் எழுதி வைத்தான். அடித்த பட்டையில் ஒரு நூல் விலகல் இருக்காது. கையில் அப்படி ஒரு நிதானம்.

ஒரே ஒரு குறைதான். போட்டதெல்லாம் கடலுக்குள் போய்விடும்.

"நான் எழுதினதப் பாக்கதுல முக்கால்வாசியும் மீனாக்கும்," என்பான் அக்காள் கிரேசியிடம்.

"மீனுக்குப் படிக்கத் தெரிஞ்சா வலைக்குள்ள வருமா? பேசாமச் சோத்தத் தின்னு," என்பாள் அவள்.

2013-ஆம் வருஷம், ஐயப்ப சீசன் தொடங்குவதற்கு முன்னால், கன்னியாகுமரிக் கடற்கரைச் சாலையை அழகுபடுத்த லாட்ஜுக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். மணக்குடிக் காயலுக்கு வருகிற கூழைக்கடாவை ஐந்தரை அடி உயரத்தில் பைபரில் வார்த்து, பன்னிரண்டு இடத்தில் நிறுத்துவது. ஒவ்வொன்றையும் ஒரு ஓவியர் தன் விருப்பம்போல் வரைவது. பறவைகளை வார்த்தது ஞானதாசனின் பட்டறை. வழக்கத்தை விட முடியாமல், தண்ணீர் வடிவதற்கு அடியில் ஒரு ஓட்டையும் வைத்தே கொடுத்தார். பதினொரு பறவைக்கு டிராயிங் மாஸ்டர்களும் பேனர் வரைபவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வந்தார்கள். பன்னிரண்டாவதற்கு வரவேண்டியவர் வரவில்லை. "எனக்கிட்ட ஒருத்தன் நிக்கான்," என்றார் ஞானதாசன்.

ஒவ்வொரு பறவையின் அடியிலும் வரைந்தவரின் பெயரையும் ஊரையும் கல்லில் கொத்திப் பதிப்பார்கள் என்று குழு சொல்லியிருந்தது. எம். டெல்வின், சவேரியார்துறை. இருநூறு வள்ளத்துக்கு மேல் ஊர் ஊராகப் பெயர் எழுதியிருக்கிறான், எல்லாம் அடுத்தவர் பெயர். தன் பெயர் கல்லில், அதுவும் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் என்று கேட்டதிலிருந்து டெல்வினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிரேசி அதை மீன் கழுவும் இடத்தில் சொன்னாள், கோயிலில் சொன்னாள், வடசேரிச் சந்தைக்குப் போன இடத்தில் முன்பின் தெரியாத வெங்காயக் கடைக்காரரிடமும் சொன்னாள்.

குழு கொடுத்த தாளில் மூன்று விதி இருந்தது. விளம்பரம் கூடாது. கட்சிக்கொடி கூடாது. தனியாள் அடையாளம் கூடாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு பார்வையிட வரும். விதி மீறிய பறவை குடோனுக்குப் போகும், பெயர்க்கல்லும் கிடையாது.

முதல் விதியில் அவனுக்குப் பிரச்சினை இல்லை. இரண்டாவது விதிதான் ஆளைக் கொன்றது. எந்த இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அது யாருக்காவது ஓட்டுக் கேட்டது. கிரேசியின் புருஷன் கட்சி மாறிக் கட்சி மாறி எல்லாக் கொடியையும் அத்துப்படியாக அறிந்தவர். டெல்வின் அட்டையில் நிறங்களைத் தீற்றிக்கொண்டு அவர் முன்னால் நின்றான்.

"இது ரெண்டு வருஷம் முன்ன நான் இருந்தது," என்றார் அவர் முதல் அட்டையைப் பார்த்து. இரண்டாவதைப் பார்த்து, "இது அதுலேருந்து பிரிஞ்சது." மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் தொடங்கல. ஆனா தொடங்கிருவாங்க," என்றார்.

கடைசியில் கருநீலம், ஆரஞ்சு, இளம்பச்சை என்ற வரிசைக்கு அவர் தலையாட்டினார். இப்படி ஒரு கொடி இந்தியாவிலேயே இல்லை என்று சத்தியம் செய்தார். அந்த மூன்று நிறமும் பட்டறையில் டப்பாவில் மிச்சமும் இருந்தது. டெல்வின் திங்களும் செவ்வாயும் கடற்கரைச் சாலையில் நின்று பறவையின் கழுத்திலிருந்து வால்வரை மூன்று பட்டை போட்டான். மேலே கருநீலம் நாலு விரல், நடுவில் ஆரஞ்சு இரண்டு விரல், கீழே இளம்பச்சை ஒரு விரல். அளக்காமலே கை ஓடியது. தள்ளி நின்று பார்க்கத் தோன்றவில்லை. வந்து பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இருந்தது.

புதன்கிழமை காலை, மீன்காரி மரியபுஷ்பம் அலுமினியச் சருவத்தோடு பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள். கடற்கரைச் சாலை திருப்பத்தில் இருநூறடிக்கு அப்பால் பறவையைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"எம்மா, சூசைக்க வள்ளம் ரோட்டுல நிக்குது."

பேருந்தில் இருந்த சவேரியார்துறைக்காரர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். நின்றது சூசையின் வள்ளம்தான். மூக்கும் காலும் வைத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கு முந்தின வாரம் மூன்று நாள் டெல்வின் சூசையின் வள்ளத்துக்குத்தான் புதுப் பெயின்ட் அடித்தான். டப்பாவில் மிச்சமிருந்தது அந்த பெயின்ட். கையில் மிச்சமிருந்தது அந்த வரிசை. நாலு விரல், இரண்டு விரல், ஒரு விரல். எல்லாக் கட்சிக்கும் தப்பித்தவன் சூசையிடம் போய் மாட்டிக்கொண்டான்.

சூசை ஊரில் கொஞ்சம் உரத்த ஆள். ஐம்பது வயது, முறையில் டெல்வினுக்கு மாமா. கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தால் மனுஷன் சென்ட் அடித்துக்கொண்டு வந்தார்.

"எலே டெல்வினு, ஊருல நாப்பத்தொரு வள்ளம் கெடக்கு. உனக்குத் தோணுனது எனக்க பட்டையாக்கும்."

"மாமா, அது கைத்தவறு. நான் மாத்திருதேன்."

"மாத்துவியா? தொட்டுப் பாரு. நேத்து எனக்கு நெத்திலி எவ்வளவு கெடச்சுதுன்னு தெரியுமா? இந்தப் பறவை நின்ன நாள்லேருந்து எனக்குக் கோளாக்கும், வலை நெறைய மீனு."

வியாழக்கிழமை அவர் கடலுக்கே போகவில்லை. மனைவி, மக்கள், மருமகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து பறவையின் முன்னால் வரிசையாக நிறுத்தி, கடற்கரைப் படக்காரரை வைத்துப் படம் எடுத்தார். பறவையின் கழுத்தில் கையைப் போட்டுத் தனியாக ஒன்று. போகிற வருகிற வடநாட்டுக்காரர்களிடம் தன் நெஞ்சைத் தட்டி, பறவையைத் தட்டி, மறுபடி நெஞ்சைத் தட்டி விளக்கினார்.

அதே வியாழன் மதியம், மீன் ஏலம் முடிந்ததும், மற்ற நாற்பது வள்ளக்காரர்களும் கோயில் கொடிமரத்தடியில் கூடி டெல்வினை வரச் சொன்னார்கள்.

"சூசைக்க பட்டை கன்னியாமாரியில நிக்குமாம், எங்களுக்க பட்டை என்ன, பழுப்புத் தண்ணியா?" என்றார் ஒருவர்.

"எல்லாத்தையும் போடு. இல்லைன்னா அதையும் அழி," என்றார் இன்னொருவர்.

"அழிச்சா சூசை மாமா என்னைய அழிச்சிருவாரு," என்றான் டெல்வின்.

"அப்ப எல்லாத்தையும் போடு."

டெல்வினுக்கு இவர்கள் யாரிடமும் பயம் இல்லை. அந்தத் தாளின் மூன்றாவது விதிதான் பயம். தனியாள் அடையாளம் கூடாது. ஊரில் மரியபுஷ்பத்துக்குப் பேருந்தில் இருந்தே தெரிந்தது, சனிக்கிழமை பத்து மணிக்குக் குழுவுக்குத் தெரியாமல் போகுமா? சூசை பக்கத்திலேயே நெஞ்சைத் தட்டிக்கொண்டு நின்றால் எந்தக் குழுவுக்கும் தெரியும். பறவை குடோனுக்குப் போகும். கல்லில் பெயர் இல்லை. அக்காள் வடசேரி வெங்காயக் கடைக்காரருக்குக்கூடப் பதில் சொல்ல வேண்டும்.

மனதுக்குள் பறவையைச் சுற்றி வந்தான். ஞானதாசன் வார்த்த சிறகுகள் தனித்தனியாக மேடு மேடாக இருக்கும். ஒரு பக்கம் இருபது. இரண்டு பக்கம் நாற்பது. நாற்பது பட்டைக்கு நடுவில் எதுவும் தனியாகத் தெரியாது.

"சரி. ஒரு சிறகுக்கு ஒரு வள்ளம்," என்றான்.

உடனே அடுத்த சண்டை. கழுத்துப் பக்கம் முதல் சிறகு யாருக்கு? ஒருவர் வயதைச் சொன்னார். ஒருவர் எஞ்சினின் குதிரைத்திறனைச் சொன்னார். மூன்றாவது ஆள் தன் பாட்டனார் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்ததைச் சொன்னார். அந்த மணி விரிசல் விட்டது என்று நாலாவது ஆள் சொன்னார். டெல்வின் கையை உயர்த்தினான்.

"இன்னிக்குக் கரையேறின வரிசை."

கொடிமரத்தடி அடங்கிவிட்டது. முந்திக் கரையேறியவனுக்கு முந்தி ஏலம் என்பது அந்தத் துறையின் சட்டம். அதில் அப்பனுக்கு மகன் விட்டுக்கொடுக்க மாட்டான், பங்குச்சாமியார் வள்ளம் வைத்திருந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். அன்றைய ஏலம் முடிந்துவிட்டது, இனி யாரும் ஓடிப்போய்க் கரையேற முடியாது. கிரேசி ஏலத்தில் நின்றவள். அன்று வந்த நாற்பது வள்ளத்தையும் ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கி ஒப்பித்தாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பதினேழாவது ஆள் மட்டும், "பதினாறாவதும் நானும் ஒண்ணாத்தான் வந்தோம்," என்று முனகினார்.

"அவுகளுக்க வள்ளம் மணல்ல முட்டின பெறகுதான் நீங்க கயிறு எறிஞ்சிய," என்றாள் கிரேசி. அவர் அடங்கினார்.

சூசையை யாரும் நினைக்கவில்லை. அவர் அப்போது கன்னியாகுமரியில் பறவையின் அலகுக்குக் கீழே நின்று ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்.

சூசை குடும்பம் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிய பேருந்தும், டெல்வின் டப்பாக்களோடு போன பேருந்தும் வழியில் எதிரெதிராகக் கடந்தன. மாலைக்குள் பறவை முழுக்க வெள்ளை. வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போது சூசையின் மனைவி அவரை வள்ளத்தில் ஏற்றி அனுப்பினாள். "பட்டை ரோட்டுல நின்னாப் போருமா? அடுப்புல என்னத்த வைக்கியது?" என்று கேட்டாளாம்.

அன்று காலை ஆறு மணி முதல் டெல்வின் பறவையை விட்டு அசையவில்லை. கிரேசி நோட்டை விரித்துப் பிடித்து வாசித்தாள். "ரெண்டாஞ் சிறகு. மஞ்சள் மூணு விரல், அரக்கு ஒரு விரல்." ஒரு விரல் அகலம் சிறகில் ஒரு நூல் அகலமாகச் சுருங்கும்; அந்தக் கணக்கை அவன் மனதிலேயே போட்டான். சில வள்ளத்துக்கு இரண்டு பட்டை, பலவற்றுக்கு மூன்று. மொத்தம் நூற்றுப் பதினெட்டுக் கோடு. ஒரு கோடு இன்னொன்றில் வழியவில்லை. தூரிகையைக் கழுவியது எத்தனை முறை என்பதற்குத்தான் கணக்கில்லை. வெயில் சாயும்போது நாற்பது சிறகும் முடிந்தது. அப்போதுதான் கிரேசி நோட்டில் ஒரு பக்கம் மிச்சமிருப்பதைக் கண்டாள்.

"ஏலே, சூசை மாமா."

டெல்வின் பறவையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். சிறகு இல்லை. தலையும் கழுத்தும் வெள்ளையாக இருந்தால்தான் அது கூழைக்கடா. மிச்சம் இருந்தது ஒரே இடம்.

"வேற வழியில்லக்கா," என்று சொல்லிவிட்டுக் குனிந்து, வாலுக்கு அடியில், தண்ணீர் வடிகிற ஓட்டைக்கு மேலே, கருநீலம், ஆரஞ்சு, இளம்பச்சை என்று போட்டு முடித்தான்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் குழுவின் செயலாளர் சுயம்புலிங்கம் வந்தார். லாட்ஜ் வைத்திருப்பவர், அறைக்குள் சமைத்தால் வாசனையை வைத்து எந்த அறை என்று சொல்லிவிடுவார். கூடவே ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ராஜமணி டீச்சர். ஏழாம் நம்பர் பறவையின் அலகில் ஒரு பேக்கரியின் போன் நம்பரைக் கண்டுபிடித்து, அதைச் சாக்குப்போட்டு மூடச் சொல்லிவிட்டு, அந்தச் சூட்டோடுதான் பன்னிரண்டாவதற்கு வந்தார்கள்.

ராஜமணி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்லாருக்கே தம்பி. ஒவ்வொரு சிறகும் ஒவ்வொரு மாதிரி. இந்த வரிசையெல்லாம் எங்க பிடிச்ச?"

டெல்வின் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ நின்றது. நனைந்த கைலியோடு சூசை இறங்கினார். கரையேறியதும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எலே, வாலுக்கு அடியிலயா? எனக்க பட்டைய வாலுக்கு அடியிலயா வச்ச?"

சுயம்புலிங்கத்தின் காது நிமிர்ந்தது. "உங்க பட்டையா? இது உங்க அடையாளமா?"

"பின்ன யாருக்க? இது எனக்கது. அது அருளப்பனுக்கது. அங்கண நிக்கது ஞானமுத்துக்கது. இவனுகளுக்கெல்லாம் சிறகு, எனக்கு..." என்று சொல்லி, மேலே சொல்ல வார்த்தை கிடைக்காமல் ஓட்டையைக் காட்டினார்.

சுயம்புலிங்கம் தாளை எடுத்தார். "மூணாவது விதி. தனியாள் அடையாளம் கூடாது. இதுல ஒண்ணு இல்ல, நாப்பத்தொண்ணுல்லா இருக்கு. ஏழாம் நம்பருக்காவது ஒரு பேக்கரி. தம்பி, குடோன்தான்."

டெல்வின் பெயர்க்கல் வரவேண்டிய இடத்தைப் பார்த்தான். கிரேசி நோட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். சூசையும் அப்போதுதான் தாளைப் பார்த்தார். என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு மெல்லப் புரிந்தது.

ராஜமணி டீச்சர் மட்டும் அசையவில்லை. "இருங்க. நீங்க மீன்காரர்தானே? இது யாருக்குள்ளது?" என்று முதல் சிறகைக் காட்டினார்.

சூசை சொன்னார். அடுத்ததைச் சொன்னார். நோட்டைப் பார்க்காமல், சிறகின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பறவையைச் சுற்றி வந்தார். இது முன்னால் பச்சையாக இருந்தது, மகளுக்குக் கல்யாணம் ஆனபோது மஞ்சளாக மாற்றினான். இது இரண்டு அண்ணன் தம்பி, பேச்சுவார்த்தை கிடையாது, பட்டையில் மட்டும் ஒரு நிறம் பொது. இவனுக்கு முதல் சிறகா, எப்போதும் பிந்தி வருகிறவனல்லவா, வியாழக்கிழமை என்ன அதிசயம் நடந்தது? பேசப் பேச வாலை மறந்துவிட்டார். டீச்சர் நாற்பது சிறகும் கேட்டார், நின்றபடியே.

கடைசியில் டெல்வினைப் பார்த்தார். "இதுல உன்னோடது எதுப்பா?"

"எனக்கு வள்ளம் கிடையாது டீச்சர். கடலுக்குப் போனா வாந்தி வரும்."

"வரைஞ்ச ஆளுக்க அடையாளமே இதுல இல்ல," என்றார் டீச்சர் சுயம்புலிங்கத்திடம். "ஒரு ஊரே கூடி நிக்கிற இடத்துல தனியாள் எவன்? நீங்களே சொல்லுங்க."

சுயம்புலிங்கம் தாளை இரண்டு முறை வாசித்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. லாட்ஜுக்காரர் புத்தி ஒரு வழியைக் கண்டுபிடித்தது. "நாப்பத்தொரு பேரு ஒரே ரூம்ல தங்குனா அது குரூப் புக்கிங்," என்றார். "குரூப்புக்குத் தடை இல்ல. பாஸ்."

சூசை இன்னும் வாலடியையே பார்த்துக்கொண்டு நின்றார். "வியாழக்கிழமை நான் கடலுக்குப் போயிருந்தா?" என்று டெல்வினிடம் மெல்லக் கேட்டார்.

கிரேசி முந்திக்கொண்டாள். "நீங்க எப்பவும் வார நேரத்துக்கு வந்திருந்தா மூணாஞ் சிறகு மாமா."

அடுத்த ஒரு மாதம் சூசையின் வள்ளம்தான் துறையில் முதலாவதாகக் கரையேறியது. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், பறவை இருக்கும் திசையை நோக்கி ஒரு தடவை நெஞ்சைத் தட்டிவிட்டுத்தான் இறங்குவார்.

பெயர்க்கல்லை இரண்டு வாரம் கழித்துப் பதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டெல்வினும் கிரேசியும் போய்ப் பார்த்தார்கள். கருங்கல், ஒன்றரை அடிக்கு ஒரு அடி. எம். டெல்வின், சவேரியார்துறை. கிரேசி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். டெல்வின் குத்தவைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். வரி இடது பக்கம் தாழ்ந்து வலது பக்கம் மேடேறிப் போயிருந்தது. கொத்தியவர் நூல் பிடிக்கவில்லை.

"அரை விரல் சரிவுக்கா. நாளைக்கு பிரஷ் கொண்டுவந்து கீழ ஒரு கோடு போட்டா நேராத் தெரியும்."

"தொட்டா கைய ஒடிச்சிருவேன். நீ நேராப் போட்டதெல்லாம் அடுத்தவனுக்க பேரு. உனக்க பேர அடுத்தவன் போட்டா இப்படித்தான் இருக்கும். எந்திரி, பஸ்சு வருது."

எழுந்தான். பேருந்து நிறுத்தம் வரைக்கும் மூன்று முறை திரும்பிப் பார்த்தான். பார்க்கிறவர்கள் பறவையைத்தான் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார்கள். அவன் பார்த்தது அந்த அரை விரலை.